பிராக் நகரை இருவராக ஒரே நாளில் சுற்றிப் பார்ப்பது எப்படி

பிராக் நகரம் வுல்தாவா ஆற்றின் இரு கரையிலும் அமைந்திருக்கிறது. கிழக்கே சமதளத்தில் பழைய நகரம், மேற்கே குன்றின் மேல் கோட்டை, நடுவே சார்ல்ஸ் பாலம். வருபவர்களில் பெரும்பாலோர் காலை பத்து மணிவாக்கில் பழைய நகரச் சதுக்கத்தில் தொடங்குவார்கள். பாலத்தைக் கடந்து, உச்சி வெயிலில் மேடேறி, கோட்டை வாசலில் வரிசையில் நிற்பார்கள். சுற்றுலாக் குழுக்களும் அதே நேரத்தில் அதே திசையில்தான் நகரும். இரண்டே பேர் போகும்போது இதைத் திருப்பிப் போடுவது சுலபம். விடியலில் பாலம், மேட்டுக்கு டிராம், திறந்த உடனே கோட்டை, பிற்பகலில் பழைய நகரம், மாலையில் லெட்னா குன்று. மொத்த நடை 10 கி.மீ. அளவு. கோட்டைப் பக்கம் முழுக்க இறக்கம்தான். ஏற்றம் என்று வருவது கடைசியில் லெட்னா படிக்கட்டு ஒன்றுதான்.

நாளைத் தேர்ந்தெடுப்பது

திங்கள் முதல் வெள்ளி வரை எந்த நாளும் சரி. சனிக்கிழமை யூதர் பகுதியான யோசெஃபோவில் தொழுகைக்கூடங்களும் கல்லறைத் தோட்டமும் மூடியிருக்கும். யூதப் பண்டிகை நாட்களிலும் அப்படித்தான். ஞாயிறு காலை கோட்டைப் பேராலயத்தில் வழிபாடு நடப்பதால் நண்பகலுக்குப் பிறகே பார்வையாளர்களை விடுவார்கள். ஞாயிறு மட்டுமே கைவசம் இருந்தால் பாலம் முடிந்ததும் யோசெஃபோவுக்குப் போய்விட்டு, கோட்டையை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பருவமும் திட்டத்தை மாற்றும். ஜூன் மாதம் காலை ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும், இரவு ஒன்பது தாண்டித்தான் சூரியன் மறையும். டிசம்பரில் எட்டு மணி வாக்கில் விடிந்து நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கோட்டைக் கட்டடங்கள் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 9 முதல் மாலை 5 வரையும், மற்ற மாதங்களில் 4 வரையும் திறந்திருக்கும். குளிர்காலத்தில் யோசெஃபோவ், கோட்டை இரண்டில் ஒன்றைச் சுருக்கியே ஆகவேண்டும்.

காலணி விஷயத்தில் சமரசம் வேண்டாம். மையப் பகுதி முழுவதும் கல் பாவிய தெருக்கள். மழை பெய்தால் வழுக்கும். மெல்லிய அடிப்பாகம் உள்ள செருப்பு போட்டவருக்கு மதியத்துக்குள் பாதம் நொந்துவிடும். அப்புறம் இருவரின் வேகமும் அவருடைய வேகம்தான்.

பணமும் டிக்கெட்டும்

செக் நாட்டின் பணம் கொருனா. சில கடைகளில் யூரோ வாங்குவார்கள், ஆனால் கணக்கு உங்களுக்குச் சாதகமாக இருக்காது. அனேகமாக எங்கும் கார்டு செல்லும். கழிப்பறைக்கும் சில்லறைச் செலவுக்கும் ஆளுக்குச் சில நூறு கொருனா போதும். ஏடிஎம் திரையில் உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, கொருனாவிலேயே எடுங்கள்.

பணம் மாற்றும் கடைகளில் 'கமிஷன் இல்லை' என்ற பலகையை நம்பி உள்ளே போகக்கூடாது. பெரிய எழுத்தில் இருப்பது அவர்கள் விற்கும் விலையாக இருக்கும். நீங்கள் கொடுக்கும் யூரோவுக்கு அவர்கள் தருவது வேறு விலை. நோட்டை நீட்டும் முன் "கையில் எத்தனை கொருனா வரும்?" என்று கேட்டு, எழுதித் தரச் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டாலும் ஒரு வழி உண்டு. 1,000 யூரோ மதிப்பு வரையிலான பரிமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு திரும்பிப் போய் ரத்து செய்ய 2019 முதல் சட்டம் இடம் தருகிறது. தெருவில் நின்றபடி நல்ல விலைக்கு மாற்றித் தருவதாகக் கூப்பிடுபவர் நீட்டுவது அனேகமாக வேறொரு நாட்டின் மதிப்பற்ற நோட்டு. அங்கே ரசீதும் கிடையாது, ரத்தும் கிடையாது.

இந்தத் திட்டப்படி டிராமோ மெட்ரோவோ இரண்டு மூன்று முறைக்கு மேல் ஏற மாட்டீர்கள். அதனால் 24 மணி நேர டிக்கெட்டை விட 30 நிமிட டிக்கெட்டே மலிவு. காகித டிக்கெட்டை முதல் பயணத்தில் ஒரே ஒரு முறை மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை குத்தவேண்டும். மெட்ரோவில் பெட்டி படிக்கட்டுக்கு முன்பே இருக்கும், டிராமில் உள்ளே இருக்கும். டிராமுக்குள் இருக்கும் கார்டு இயந்திரத்தில் வாங்கினால் முத்திரையோடுதான் வெளியே வரும். அதை மறுபடி குத்தவேண்டாம். போன் செயலியில் வாங்கும் டிக்கெட் உடனே உயிர்பெறாது, ஓரிரு நிமிடம் ஆகும். ஏறிய பிறகு அவசரமாக வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான். ஒரே கார்டில் இருவருக்கும் எடுக்கலாம், ஆனால் இரண்டு டிக்கெட் எடுக்கவேண்டும். பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள், வில்லையைக் காட்டிவிட்டு ஆளுக்கொரு டிக்கெட் கேட்பார்கள்.

விடியலில் பாலம்

மெட்ரோ ஏ தடத்தில் ஸ்டாரோமியெஸ்ட்ஸ்கா நிலையத்தில் இறங்கினால் பாலத்தின் கிழக்குக் கோபுரம் ஐந்து நிமிட நடை. கோடையில் ஆறரைக்குள் அங்கே இருங்கள். ஒன்பதரைக்கு மேல் பாலத்தில் கூட்டம் மனிதர்களைத் தள்ளிக்கொண்டு போகும். விடியலில் இன்னொரு நன்மை: சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், பழைய நகரப் பக்கம் எழும். எதிரே கோட்டை மேல் வெளிச்சம் நேராக விழும். இருவரும் படம் எடுக்க வேண்டியது இப்போதுதான். மாலையில் அதே இடத்தில் கோட்டை வெறும் கறுப்பு வடிவமாகத்தான் தெரியும்.

பாலத்துக்கு அடிக்கல் நாட்டியவர் நான்காம் சார்ல்ஸ் மன்னர். 1357ஆம் ஆண்டு, 9ஆம் தேதி, 7ஆம் மாதம், காலை 5.31 மணி என்பார்கள். 1, 3, 5, 7, 9, 7, 5, 3, 1 என்று ஏறி இறங்கும் எண்வரிசைக்காகச் சோதிடர்கள் குறித்த நேரமாம். ஆண்டு உறுதி, நிமிடக் கணக்கைக் கதையாகவே கேட்டுக்கொள்ளலாம். நீளம் 516 மீட்டர், இருபுறமும் 30 சிலைகள். பெரும்பாலானவை நகல்கள். காற்றும் புகையும் அரித்த மூல மணற்கல் சிலைகளை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

முப்பதையும் நின்று பார்க்க நேரமில்லை. கோட்டையை நோக்கி நடக்கும்போது வலப்பக்கம் எட்டாவதாக வரும் நெபோமுக் யோவான் சிலையிடம் மட்டும் நில்லுங்கள். 1683இல் வைத்த வெண்கலச் சிலை; பாலத்தில் இதுவே மூத்தது. 1393இல் மன்னர் நான்காம் வென்செஸ்லாஸின் ஆணைப்படி இந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் வீசப்பட்ட பாதிரியார் இவர். பீடத்தில் உள்ள இரு வெண்கலப் பலகைகளில் சில இடங்கள் மட்டும் பொன்போல் பளபளக்கும், மற்றவை கறுத்திருக்கும். தொட்டால் நல்லது நடக்கும் என்று கைகள் தேய்த்துத் தேய்த்து வந்த பளபளப்பு அது. பகலில் இதைத் தொடவே ஒரு வரிசை நிற்கும்.

டிராமில் மேலே, நடந்து கீழே

பாலம் முடிந்து மொஸ்டெட்ஸ்கா தெருவில் நேரே ஏறினால் மலோஸ்ட்ரான்ஸ்கே சதுக்கம். அங்கே 22ஆம் எண் டிராம், கோட்டைப் பக்கம் போவது. 'பிராஷ்ஸ்கி ஹ்ராட்', அதாவது பிராக் கோட்டை என்ற நிறுத்தத்திலேயே எல்லோரும் இறங்குவார்கள். நீங்கள் உட்கார்ந்தே இருங்கள். இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி பொஹோர்ஷெலெட்ஸில் இறங்கினால் குன்றின் உச்சிப் பக்கம் வந்துவிடுவீர்கள். அங்கிருந்து ஸ்டிராஹோவ் மடத்தின் விளிம்புக்குப் போனால் சிவப்பு ஓட்டுக் கூரைகளோடு நகரம் முழுதும் கீழே விரிந்திருக்கும். இங்கே காசில்லாமல் பார்ப்பதையே பார்க்கத்தான் மற்றவர்கள் கோபுரங்களுக்கு டிக்கெட் வாங்குகிறார்கள்.

22ஆம் எண் டிராம் சுற்றுலாப் பயணிகள் நிறைந்தது என்பது ஜேப்படிக்காரர்களுக்கும் தெரியும். பையை முன்பக்கம் மாட்டுங்கள், போனைக் காற்சட்டைப் பின்பையில் வைக்காதீர்கள்.

லொரேட்டான்ஸ்கா தெரு வழியே இறங்கினால் ஒன்பது மணிக்குக் கோட்டை வாசல். பைச் சோதனை இருக்கலாம்; பேனாக் கத்தி முதலியவற்றை அறையிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது. இருவர் என்பதன் முதல் பயன் இங்கேதான். ஒருவர் இரண்டாம் முற்றத்துத் தகவல் மையத்தில் டிக்கெட் வாங்கட்டும், மற்றவர் நேரே மூன்றாம் முற்றத்துக்குப் போய்ப் பேராலய வரிசையில் நிற்கட்டும். பேராலயத்தின் பின்பகுதிக்கு டிக்கெட் தேவையில்லை, உள்ளே முன்னோக்கிப் போகத்தான் கேட்பார்கள். பத்து மணிக்கு மேல் வரும் குழுக்கள் கூடிவிட்டால் இந்த வரிசை முற்றம் நெடுக வளரும். டிக்கெட் இரண்டு நாள் செல்லும், ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு முறைதான் நுழைவு.

புனித வீத்துஸ் பேராலயம் கட்டத் தொடங்கியது 1344, முடித்தது 1929. நடுவே போரும் பணத்தட்டுப்பாடும் வந்து நூற்றாண்டுக் கணக்கில் அரைகுறையாக நின்றது. அதனால் மேற்கு வாசலில் நுழையும்போது நீங்கள் நிற்பது புதிய பகுதியில். முன்னே நடக்க நடக்க பதினான்காம் நூற்றாண்டுக்குள் போகிறீர்கள். இடப்பக்கம் மூன்றாவது சிற்றாலயத்தில் அல்ஃபோன்ஸ் முக்கா வரைந்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது, அது புதிய பகுதியைச் சேர்ந்தது. வலப்பக்கம் முன்னே போனால் புனித வென்செஸ்லாஸ் சிற்றாலயம் வரும். சுவரில் மணிக்கற்கள் பதித்திருக்கும். உள்ளே விடமாட்டார்கள், வாசலில் நின்றுதான் பார்க்கவேண்டும். அங்கிருந்து போகும் அறையில்தான் பொஹீமியாவின், அதாவது பழைய செக் நாட்டின், அரசர்களுடைய கிரீடம் ஏழு பூட்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது. ஏழு சாவிகளும் ஏழு பேரிடம்.

தெற்குக் கோபுரத்துக்கு 287 படிகள், தனி டிக்கெட். ஸ்டிராஹோவில் நின்றவர்களுக்கு அது அவசியமில்லை. இருவரில் ஒருவருக்கு ஏறியே தீரவேண்டும் என்றால் மற்றவர் முற்றத்தில் இருந்தபடி தெற்கு வாசல் மேலுள்ள இறுதித் தீர்ப்பு மொசைக்கைப் பார்க்கலாம்.

அடுத்து பழைய அரண்மனை. விளாதிஸ்லாவ் மண்டபத்தில் தலையை உயர்த்தி விதானத்துக் கல் நரம்புகளைப் பாருங்கள். இங்கே குதிரை மேல் ஈட்டிப் போட்டி நடந்தது. வெளியேறும் படிக்கட்டு அகலமாகவும் தாழ்வாகவும் இருப்பது குதிரை ஏறுவதற்காகவே. மண்டபத்தை ஒட்டிய அறையில் 1618 மே 23 அன்று புரோட்டஸ்டன்ட் பிரபுக்கள் அரசரின் ஆளுநர்கள் இருவரையும் எழுத்தர் ஒருவரையும் ஜன்னல் வழியே வெளியே எறிந்தார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். ஐரோப்பா முப்பதாண்டுப் போருக்குள் விழுந்தது.

புனித ஜார்ஜ் ஆலயத்துக்குக் கால் மணி நேரம் போதும். பொற்சந்து என்னும் குட்டி வீடுகளின் வரிசையில் 22ஆம் எண் வீட்டில் எழுத்தாளர் காஃப்கா 1916–17இல் உட்கார்ந்து எழுதினார். சந்து குறுகல், மதியத்தில் நெரிசல். வீடுகளுக்குள் போகவேண்டாம் என்றால் மாலை கட்டடங்கள் மூடிய பிறகு இந்தச் சந்தில் இலவசமாக நடக்கலாம். கோட்டையின் கிழக்கு வாசலில் வெளியேறிப் பழைய கோட்டைப் படிகளில் இறங்கினால் மலோஸ்ட்ரான்ஸ்கா மெட்ரோ நிலையத்துக்கு வந்து சேர்வீர்கள்.

சாப்பாடு

வேலை நாட்களில் பதினொன்று முதல் இரண்டு மணி வரை பல உணவகங்களில் 'தென்னீ மெனு', அன்றைய மதியச் சாப்பாடு, குறைந்த விலையில் கிடைக்கும். பிரதான சதுக்கங்களை விட்டு இரண்டு தெரு உள்ளே போனால் செக் மொழியில் மட்டும் எழுதிய பலகை தென்படும். அங்கே நுழையுங்கள்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் கவனிக்க: கிரீம் குழம்பில் வரும் ஸ்விச்கோவா மாட்டிறைச்சிதான், குலாஷும் பெரும்பாலும் அதுதான். சைவர்களுக்குத் தப்பாமல் கிடைப்பது ஸ்மஜெனி சீர், ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கோடு வரும். உருளைக்கிழங்கு அடையான பிராம்போராக்கும் உண்டு. 'பெஸ் மசா', இறைச்சி இல்லாமல், என்று சொல்லுங்கள். ஆனால் பன்றி இறைச்சித் துண்டுகளை இறைச்சிக் கணக்கில் சேர்க்காத சமையலறைகளும் உண்டு. சூப்பில் எலும்புச் சாறு இருக்கலாம். தனியாகக் கேட்பதே வழி.

மேசையில் கேட்காமல் வைக்கும் ரொட்டிக்கும் காசு. தண்ணீரும் காசுதான், சில இடங்களில் பீரை விட அதிகம். குடிக்கும் ஒவ்வொரு கோப்பைக்கும் பரிமாறுபவர் மேசை மேலிருக்கும் துண்டுச் சீட்டில் ஒரு கோடு கிழிப்பார், அதுதான் கணக்கு, சீட்டைத் தொலைக்காதீர்கள். முடிவில் 'தொஹ்ரொமாதி?' என்று கேட்பார், சேர்த்தா என்று பொருள். தனித்தனியாக வேண்டும் என்றால் 'ஸ்வ்லாஷ்ட்'. இதில் கடைக்காரருக்கு எந்த முகச்சுளிப்பும் கிடையாது, எனவே நண்பர்களுக்குள் யார் கொடுப்பது என்ற இழுபறி தேவையில்லை. டிப்ஸ் பத்து சதவீதம் வரை.

தெருவெங்கும் சுருளாகச் சுட்டு விற்கும் டிரெட்லோவைப் பழைய பிராக் பலகாரம் என்று விளம்பரம் செய்வார்கள். சுற்றுலாவோடு பெருகிய பண்டம் அது. ஐஸ்கிரீம் நிரப்பியது சீக்கிரம் ஒழுகும்.

யோசெஃபோவும் சதுக்கமும்

மலோஸ்ட்ரான்ஸ்காவிலிருந்து மானெஸ் பாலத்தில் ஆற்றைக் கடந்தால் நெரிசலான சார்ல்ஸ் பாலத்தை மறுபடி மிதிக்காமலே யோசெஃபோவ் வந்துவிடலாம். பிங்காஸ் தொழுகைக்கூடத்தில் தொடங்குங்கள். நாஜிகள் கொன்ற பொஹீமிய, மொராவிய யூதர்களில் ஏறத்தாழ 80,000 பேரின் பெயர்கள் அதன் சுவர்களில் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. குடும்பப் பெயர் ஒரு நிறத்திலும் ஆட்களின் பெயர்கள் இன்னொரு நிறத்திலும் இருக்கும். ஒரே குடும்பப் பெயரைத் தொடர்ந்து எத்தனை ஆட்பெயர்கள் என்று ஒரு வரி மட்டும் பார்த்தால் போதும், விஷயம் விளங்கிவிடும். அதை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாமல் மண் கொட்டி அடுக்கடுக்காகப் புதைத்தார்கள். சுமார் 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. ஆண்கள் தலையை மூடவேண்டும்.

இருவரில் ஒருவருக்கு இதில் மனமில்லை என்றால் வற்புறுத்தவேண்டாம். அவர் பழைய நகர மாமன்றக் கோபுரத்துக்குப் போகட்டும். அங்கே லிஃப்ட் உண்டு. புகழ்பெற்ற வானியல் கடிகாரம் இருப்பதும் அந்தக் கோபுரத்தில்தான். திரும்பச் சந்திக்கும் இடமாகக் 'கடிகாரத்தடியில்' என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள். மணியடிக்கும் நேரத்தில் அங்கே பக்கத்தில் நிற்பவரைக்கூடத் தேடமுடியாது. சதுக்கத்தின் நடுவே சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸின் நினைவுச்சின்னம் இருக்கிறது, அதன் டீன் தேவாலயப் பக்கத்துப் படி என்று குறித்துக்கொள்ளுங்கள். டீன் தேவாலயத்துக்குள்தான் வானியலாளர் டைக்கோ பிராஹேவின் கல்லறை இருக்கிறது.

இனி 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம். காலை ஒன்பது முதல் இரவு பதினொன்று வரை ஒவ்வொரு மணிக்கும் மேலே இரு ஜன்னல்களில் இயேசுவின் பன்னிரு சீடர்கள் சுற்றிவருவார்கள், எலும்புக்கூடு மணி அடிக்கும், கடைசியில் சேவல் கூவும். ஒரு நிமிடம்கூட ஆகாது. பார்த்தவர்கள் 'இவ்வளவுதானா' என்று கலைவது இதனால்தான். ஜேப்படிக்காரர்களுக்கு அது போதுமான நேரம். எல்லோர் கண்ணும் மேலே, கையில் போன்.

உண்மையில் பார்க்கவேண்டியது முகப்பை. மணி அடித்துக் கூட்டம் கலைந்த பத்தாம் நிமிடத்தில் முன்னே போய் நில்லுங்கள். ஒரே பொன் முள் இரண்டு கணக்கு காட்டுகிறது. உள்வட்டத்து ரோமன் எண்களில் அது காட்டுவது நமக்குப் பழகிய 24 மணி நேரம். வெளியே கறுப்பு வளையத்தில் பொன் எழுத்தில் 1 முதல் 24 வரை இருப்பது பழைய பொஹீமிய நேரம், சூரியன் மறைந்ததிலிருந்து எண்ணுவது. சூரியன் மறையும் நேரம் நாளுக்கு நாள் மாறுவதால் அந்த வளையமே ஆண்டு முழுதும் முன்னும் பின்னும் மெல்ல அசையும். முள் காட்டும் எண்ணை 24இலிருந்து கழித்தால் சூரிய அஸ்தமனத்துக்கு இன்னும் எத்தனை மணி நேரம் என்பது கிடைத்துவிடும். முள் 21இல் இருந்தால் மூன்று மணி நேரம் பாக்கி. லெட்னாவுக்கு எப்போது கிளம்புவது என்பதை இதை வைத்தே முடிவு செய்யலாம். எழுத்துரு பழையது என்பதால் சில எண்கள் நமக்குத் தெரிந்த வடிவில் இருக்காது. 24இலிருந்து பின்னோக்கி எண்ணிவிடுங்கள். பாதி வெள்ளியும் பாதி கறுப்புமான சிறு உருண்டை நிலவு. அன்றைய பிறையை அது திரும்பிக் காட்டும்.

கடிகாரத்தைச் செய்த ஹனுஷின் கண்ணைப் பிடுங்கிவிட்டார்கள் என்று வழிகாட்டிகள் சொல்லும் கதை வெறும் கதை. செய்தவர் கதானைச் சேர்ந்த மிக்குலாஷ். மாமன்றத்தின் கிழக்குப் பக்கத் தரையில் வெள்ளைக் கற்களால் பதித்த 27 சிலுவைகளைப் பார்க்காமல் போய்விடாதீர்கள். ஜன்னலில் எறிந்த கலகத்தின் விளைவாக 1621இல் அங்கே கலகத் தலைவர்கள் 27 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். காலையில் கோட்டையில் பார்த்த அறையின் மறுமுனை இது.

வென்செஸ்லாஸ் சதுக்கம் வரை

சதுக்கத்திலிருந்து தெற்கே ஐந்து நிமிடத்தில் எஸ்டேட்ஸ் அரங்கம். மோட்சார்ட்டின் 'டான் ஜொவானி' இசைநாடகம் 1787 அக்டோபர் 29 அன்று அவர் நடத்தவே இங்கே முதன்முதல் அரங்கேறியது. ஒட்டினாற்போல் கரோலினம், 1348இல் தொடங்கிய சார்ல்ஸ் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம். தமிழறிஞர் கமில் சுவெலபில் பிராகில் பிறந்து இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். தமிழ் இலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியவர். 1968இல் சோவியத் தலைமையிலான படைகள் நுழைந்த பின் நாட்டை விட்டு வெளியேறினார். வாசலைப் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.

அந்தப் படைகளின் டாங்கிகள் வந்து நின்ற வென்செஸ்லாஸ் சதுக்கம் அடுத்து. பெயர்தான் சதுக்கம், 750 மீட்டர் நீளத் தெரு. முழுதும் நடக்க அவசியமில்லை. லுசெர்னா அங்காடி வழிக்குள் தலைகீழாகத் தொங்கும் குதிரையையும், தேசிய அருங்காட்சியகத்தின் முன் 1969இல் தீக்குளித்த மாணவர் யான் பலாஹுக்காகத் தரையில் பதித்த சிலுவையையும் பார்த்தால் போதும். நேரம் குறைந்தால் விடவேண்டியது இந்தப் பகுதியைத்தான்.

மாலை, லெட்னா

அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு பழைய நகரச் சதுக்கத்திலிருந்து பாரிஷ்ஸ்கா தெருவில் வடக்கே நடந்து, செஹூவ் பாலத்தைக் கடந்து, எதிரே தெரியும் படிகளில் ஏறுங்கள். மேலே பிரம்மாண்டமான மெட்ரோனோம், இசைத் தாளத்தை அளக்கும் கருவி, ஆடிக்கொண்டிருக்கும். 1962இல் வெடிவைத்துத் தகர்த்த ஸ்டாலின் சிலையின் மேடையில் 1991இல் வைத்தது. பலர் இதோடு திரும்பிவிடுகிறார்கள். இடப்பக்கம் மேற்கே சில நிமிடம் நடந்து ஹனாவ்ஸ்கி மண்டபத்தருகே போனால்தான் வுல்தாவாவின் பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் தெரியும். சாய்வெயில் பழைய நகரத்தின் மேல் விழும் பக்கம் இதுவே.

இறங்கும்போது வந்த படிகளே போதும். பாலம் தாண்டிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஸ்டாரோமியெஸ்ட்ஸ்கா மெட்ரோ. மெட்ரோ நள்ளிரவு வரை ஓடும், வெள்ளி, சனி இரவுகளில் ஒரு மணி நேரம் கூடுதல். தவறவிட்டால் தெருவில் நிற்கும் டாக்சியில் ஏறாமல் போன் செயலியில் அழையுங்கள், அல்லது இரவு டிராம் பிடியுங்கள். அவை 91 முதல் 99 வரை எண்ணிட்டவை, எல்லாத் தடங்களும் லாசார்ஸ்கா நிறுத்தத்தில் கூடும். இருவரும் வெவ்வேறு திசையில் தங்கியிருந்தால் அங்கே பிரிந்துகொள்ளலாம்.